கையாட்டாத பள்ளிக்கூடம் தேடி

2024 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, மகள் பள்ளி வேனிலிருந்து இறங்கியபோது தலையில் ஒரு காகிதத் தொப்பி இருந்தது. முன்பக்கம் ஒரு கட்சித் தலைவரின் படம். வெயிலில் முகம் கன்றிப் போயிருந்தது. முந்தின நாள் டைரியில் "தண்ணீர் பாட்டில் கூடுதலாக ஒன்று கொண்டுவரவும்" என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். எங்கேயோ சுற்றிக் காட்டப் போகிறார்கள் என்று நினைத்து எலுமிச்சை சாதம் வேறு கட்டிக் கொடுத்திருந்தேன். நான்காவது, ஐந்தாவது படிக்கிற பிள்ளைகளை அவிநாசி ரோட்டோரம் இரண்டு மணி நேரம் நிற்க வைத்து, போகிற கார்களுக்குக் கையாட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

"யாருக்குக் கையாட்டினே?"

"தெரியலம்மா. மூணாவது கார்ல வருவாங்கன்னு மிஸ் சொன்னாங்க. நான் ரெண்டாவது காருக்கே ஆட்டி முடிச்சிட்டேன்."

எந்தக் கட்சி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் இதைப் பாதிப் பேர் ஒரு மாதிரியும் மீதிப் பேர் வேறு மாதிரியும் படிப்பீர்கள். கோவைக்காரர்களுக்கு இது புதிதும் இல்லை. அதே ஆண்டு மார்ச்சில் மேட்டுப்பாளையம் சாலையில் பிரதமரின் ரோடு ஷோ நடந்தபோது பள்ளிப் பிள்ளைகள் சீருடையில் நின்றது பெரிய செய்தியானது. ஒரு பள்ளி நிர்வாகத்தின் மீது வழக்குப் பதிந்து, அது உயர் நீதிமன்றம் வரை போனது. அதற்கு முந்தின மாதம்தான், பிரசாரத்தில் குழந்தைகளை எந்த வகையிலும் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு எழுதியிருந்தது. அந்தச் செய்தியை டீயோடு படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவள்தான் நானும்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கரஸ்பாண்டண்டைப் பார்க்கப் போனேன். சண்டை போடத் தயாராகத்தான் போனேன். அவர் மறுக்கவே இல்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தடித்த ஃபைலை எடுத்து என் முன்னால் வைத்தார். கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று, அங்கீகாரப் புதுப்பிப்பு விண்ணப்பம்.

"இதுல ஒண்ணு நின்னாலும் அங்கீகாரம் நிக்கும்ங்க மேடம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆபீஸ். ஒவ்வொரு ஆபீஸுக்கும் ஒரு போன் போதும். எனக்கு எந்தக் கட்சியும் இல்லைங்க. யாரு போன் பண்ணினாலும் பஸ் அனுப்புவேன். போன ஆட்சியிலயும் அனுப்பினேன்."

அதுவரை பள்ளிக்கூடம் ஒரு பக்கம் சாய்வது கொள்கையால் என்று நினைத்திருந்தேன். அந்த ஃபைலைப் பார்த்த பிறகு கேள்வியே மாறிவிட்டது. இந்தப் பள்ளி யாருக்குப் பயப்படுகிறது, யாருக்குக் கடன்பட்டிருக்கிறது? அடுத்த ஐந்து மாதம் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கியபோது நான் பார்த்தது இதைத்தான்.

வீட்டில் ஆதரவு இல்லை. மாமனார் நாற்பது வருடக் கட்சிக்காரர், கரை வேட்டி தவிர வேறு வேட்டி கட்ட மாட்டார். "ஒரு மணி நேரம் வெயில்ல நின்னா என்ன அம்மணி ஆயிரும்? நாங்க பாக்காத ஊர்வலமா?" என்றார். தொப்பி அவர் கட்சியினுடையதாக இருந்தால் இதைக்கூடச் சொல்லியிருக்க மாட்டார், எடுத்து ஆணியில் மாட்டியிருப்பார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கணவர், "எல்லாப் பள்ளியும் அப்படித்தான், ஃபீஸ் கட்டியாச்சு, விடு" என்றார்.

அக்காவுக்குத்தான் புரிந்தது. அவள் மெட்ரிக் பள்ளி ஆசிரியை. 2011-ல் ஆட்சி மாறியபோது சமச்சீர் கல்விப் புத்தகங்கள் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்காக ஆகஸ்ட் வரை காத்திருந்தது நினைவிருக்கும். வந்த புத்தகங்களில் முந்தைய ஆட்சியை நினைவூட்டுகிறவற்றை மறைக்கச் சொன்னார்கள். அதற்கு முந்தின ஆண்டு இதே கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டின் சின்னம் மேலே அக்கா உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டினாள். "ஒட்டினதும் பசங்க செஞ்ச முதல் வேலை என்ன தெரியுமா? வெயிலுக்கு நேரா தூக்கிப் பிடிச்சு, உள்ளே என்ன இருக்குன்னு பாத்ததுதான்" என்பாள்.

சரி, தேட ஆரம்பித்தேன். முதலில் பாடத்திட்டத்தை மாற்றினால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன், சிபிஎஸ்இ போனால் மாநில அரசியல் இருக்காது என்று. 2023-ல் பத்தாம் வகுப்பு அறிவியலிலிருந்து பரிணாமமும் தனிம வரிசை அட்டவணையும் எடுக்கப்பட்டது அந்தப் பக்கத்துக் கதை. ஒரு பக்கம் ஸ்டிக்கர், இன்னொரு பக்கம் கத்தரிக்கோல். பாடத்திட்டத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கும் எண்ணத்தை அன்றே விட்டேன்.

ஆனால் சிபிஎஸ்இ பள்ளிகளில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு பள்ளியும் தன் இணையதளத்தில் கட்டாயப் பொது வெளிப்படுத்தல் என்று ஒரு பக்கம் வைக்க வேண்டும். அறக்கட்டளை அல்லது சங்கப் பதிவுச் சான்று, கட்டடப் பாதுகாப்பு, தீயணைப்புச் சான்றுகள், கட்டண விவரம், பள்ளி நிர்வாகக் குழு உறுப்பினர்கள் எல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலும் அடியில், சின்ன எழுத்தில், கண்ணில் படாத இடத்தில். ராத்திரி பாத்திரம் கழுவிவிட்டு உட்கார்ந்து ஒன்பது பள்ளிகளின் காகிதங்களைத் திறந்து பார்த்தேன். சான்றின் தேதி காலாவதியாகியிருந்தால் அந்தப் பள்ளிக்கு ஒரு போன் போதும் என்று அர்த்தம். கரஸ்பாண்டண்ட் சொல்லிக்கொடுத்த பாடம். நிர்வாகக் குழுப் பட்டியலை எங்கள் ஏரியா அரசியல் தெரிந்த மாமனாரிடமே காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மடமடவென்று சொன்னார்: "இவன் நம்ம முன்னாள் எம்.எல்.ஏ.வோட மச்சான். இந்த அம்மா அந்தப் பக்கம்." தேடலை எதிர்த்தவர்தான் அதில் எனக்கு அதிகம் உதவினார்.

இன்னொரு ஆதாரம் ஆண்டு மலர். எந்தப் பள்ளிக்குப் போனாலும் காத்திருக்கும் அறையில் நாலைந்து வருட மலர்கள் கிடக்கும். ஆண்டு விழாச் சிறப்பு விருந்தினர் பக்கத்தை மட்டும் வரிசையாகப் புரட்டினேன். ஒரு பள்ளியில் 2019, 2020-ல் ஒரு கட்சிக்காரர், 2022, 2023-ல் எதிர்க் கட்சிக்காரர், இரண்டு பேருக்கும் அதே நீலச் சால்வை, அதே வெள்ளி வேல். ஒரு விதத்தில் அதுவும் நடுநிலைதான்!

சாதிச் சங்க அறக்கட்டளை நடத்தும் பள்ளிக்கும் போனேன். படிப்பு நல்ல படிப்பு. "நீங்க நம்மவங்களா?" என்று வாட்ச்மேனே கேட்டார். அதற்கு மேல் உள்ளே போகவில்லை.

கான்வென்ட் ஒன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது. காலை ஜெபம் உண்டா என்று சிஸ்டரிடம் கேட்டேன். உண்டு, ஆனால் வேதபாட வகுப்பு கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும், மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு என்றார். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் மத போதனையில் கலந்துகொள்ளச் சிறுவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது, பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று அரசியலமைப்பின் 28-வது பிரிவு சொல்வதை நான் இழுப்பதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார். இடம்தான் இல்லை.

நகருக்கு வெளியே தென்னந்தோப்புக்குள் மாற்றுக் கல்விப் பள்ளி. மண் சுவர், வெறுங்கால், மரத்தடி வகுப்பு. "எங்களிடம் அரசியலே கிடையாது. செய்தித்தாள்கூட வளாகத்துக்குள் வராது" என்று பெருமையாகச் சொன்னார் முதல்வர். காவிரிப் பிரச்சினையை எப்படிச் சொல்லித் தருவீர்கள் என்று கேட்டேன். "நீரைப் பற்றித் தியானம் செய்வார்கள்" என்றார். அவ்வளவு தூரம் ஆட்டோவுக்குக் கொடுத்த காசு இன்னும் வயிற்றெரிச்சல்.

இதற்கு நடுவில் 2025 பிப்ரவரி வந்துவிட்டது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்காததால் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாய் நின்றுபோனது பற்றி டெல்லியும் சென்னையும் வரிந்துகட்டிக்கொண்டிருந்த நேரம். அப்போது ஒரு பள்ளியில் போய் "ஆறாம் வகுப்பில் மூன்றாவது மொழி என்ன?" என்று கேட்டால் போதும், எதிரில் இருப்பவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். மகளுக்கு ஹிந்தி வேண்டும் என்றும் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் கேட்கவில்லை, டைம்டேபிள் கேட்டேன். ஒரு அட்மிஷன் கவுண்டரில் பதிலுக்கு மொழிப்போர் பற்றிச் சொற்பொழிவு, இன்னொன்றில் தேச ஒற்றுமை பற்றி. தமிழ் 2006 சட்டப்படி எல்லாப் பள்ளியிலும் கட்டாயம், மீதியை அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

எல்லாப் பள்ளியிலும் முதல்வரிடம் ஒரே கேள்வியைக் கேட்டேன். "நூறு பிள்ளைகளை அனுப்புங்கள் என்று மேலிருந்து போன் வந்தால் என்ன செய்வீர்கள்?" பெரும்பாலோர், "எங்களுக்கெல்லாம் அப்படி வராதுங்க" என்றார்கள். வராது என்று சொன்ன ஒரு பள்ளியின் வேன் அண்ணாவிடம் வாசலில் கேட்டேன். "போன மாசம் மூணு வண்டி போச்சுங்களே" என்றார். பள்ளியைப் பற்றி எதுவும் தெரிய வேண்டுமானால் வேன் ஓட்டுகிறவரைக் கேட்கவேண்டும்.

கடைசியில் சேர்த்த பள்ளி எங்கள் வீட்டிலிருந்து பதினான்கு கிலோமீட்டர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் ஆரம்பித்தது. பெரிய கட்டடம் இல்லை, ஏ.சி. வகுப்பறை இல்லை. அன்று முதல்வர் வர நேரமாகும் என்று நூலகத்தில் உட்கார வைத்தார்கள். சுவரில் ஒரு சார்ட். மத்திய பட்ஜெட்டுக்கு மறுநாள் வந்த நான்கு தமிழ் நாளிதழ்களின் முதல் பக்கத் தலைப்புகளை வெட்டி ஒட்டியிருந்தார்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். ஒரே பட்ஜெட், நான்கு விதமான தலைப்பு. ஒன்று கொண்டாடியது, ஒன்று ஒப்பாரி வைத்தது, ஒன்று வருமான வரியை மட்டும் சொன்னது, ஒன்று தமிழ்நாட்டுக்கு என்ன என்று கேட்டது. கீழே ஒரு பிள்ளையின் கையெழுத்தில் ஒரு வரி: "நான்கையும் படித்தபின் பட்ஜெட்டில் என்ன இருக்கிறது என்று எழுதுக." பசை காயாமல் ஒரு மூலை பெயர்ந்து தொங்கியது. அதை அழுத்தி ஒட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

முதல்வர் வந்தார். அதே கேள்வி.

"வந்திருக்குங்க" என்றார்.

"என்ன செஞ்சீங்க?"

"பெற்றோர்கிட்ட எழுத்துல சம்மதம் கேக்கணும், ஒரு வாரம் ஆகும்னு சொன்னேன். நிகழ்ச்சி மறுநாள். விட்டுட்டாங்க."

"எப்பவும் விடுவாங்களா?"

"அந்தத் தடவை விட்டாங்க. அடுத்த தடவை தெரியாதுங்க."

ஏழு பள்ளி முதல்வர்களில், தெரியாது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். அவர் ஃபைலையும் காட்டச் சொன்னேன். சிரித்துவிட்டு எடுத்துக் காட்டினார். தீயணைப்புச் சான்றில் தேதி சரியாக இருந்தது.

சேர்க்கை நடைமுறை பற்றி இரண்டு வார்த்தை, யாருக்காவது உதவும். சில பள்ளிகளில் "இன்டராக்ஷன்" என்று பிள்ளையையும் நம்மையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவின்படி பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டித் தேர்ந்தெடுப்பது குற்றம், முதல் தடவைக்கு 25,000 ரூபாய் வரை அபராதம். சட்டம் பேசினால் இடம் கிடைக்காது என்பது வேறு விஷயம். நானும் வாயை மூடிக்கொண்டு இரண்டு இன்டராக்ஷனுக்குப் போனேன். அப்புறம் டி.சி. வாங்கிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். எமிஸ் என்கிற பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் விவரத் தளத்தில், பழைய பள்ளி பிள்ளையின் பெயரைத் தன் பட்டியலிலிருந்து காமன் பூல் என்கிற பொதுப் பட்டியலுக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். எங்களுக்கு டி.சி. ஏப்ரலிலேயே கிடைத்தது. எமிஸில் விடுவிக்க ஜூன் இரண்டாவது வாரம் ஆனது. நான்கு முறை நடந்தேன். "சிஸ்டம் மேடம் லீவு" என்றார்கள். சிஸ்டம் வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொண்டு இரண்டு முறை திரும்பி வந்திருக்கிறேன். கம்ப்யூட்டர் பார்க்கும் மேடம் பிரசவ லீவில் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

ஆகஸ்டில் புதிய பள்ளியின் டைரியில் ஒரு சீட்டு வந்தது. மாவட்ட நிர்வாகம் நடத்தும் போதைப்பொருள் எதிர்ப்புப் பேரணி, ஒரு மணி நேரம், நிழற்பந்தல் உண்டு, அமைச்சர் தொடங்கிவைக்கிறார். கீழே இரண்டு கட்டம்: சம்மதம், சம்மதமில்லை. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். போதை எதிர்ப்புக்கு யார் மாட்டேன் என்பார்கள்? அமைச்சர் வருகிறாரே, அது அரசா, கட்சியா? போன வருடம் என்னைக் கேட்காமல் கூட்டிப்போனார்கள் என்று கத்தினேன். இப்போது கேட்கிறார்கள், எனக்குப் பதில் தெரியவில்லை.

"எல்லாரும் போறாங்கம்மா" என்றாள் மகள்.

"எல்லாருமா?"

"ரெண்டு பேர் போகல. அவங்களுக்கு லைப்ரரி பீரியட்."

சம்மதம் என்பதில் டிக் போட்டேன். சாயங்காலம் தலையில் ஒரு காகிதத் தொப்பியோடு வந்தாள். வாங்கி முன்னும் பின்னும் திருப்பி, உள்பக்க மடிப்பையும் பிரித்துப் பார்த்தேன். வாசகம் மட்டும்தான், படம் எதுவும் இல்லை. மாமனார் என் கையிலிருந்து அதை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் சின்னதா இருக்குது அம்மணி" என்றார்.