டூ வீல் கமாண்டரை ஃபோர் வீல் ஆக்கியது

பின் சக்கரத்துக்கு மட்டும் இன்ஜின் சக்தி போகிற (டூ வீல் டிரைவ்) பழைய மஹிந்திரா கமாண்டர் ஜீப்பை, நான்கு சக்கரத்துக்கும் போகிற ஃபோர் வீல் டிரைவாக மாற்றலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, முடிந்தால் அதை விற்றுவிட்டு கம்பெனியிலேயே ஃபோர் வீலாக வந்த வண்டியாகப் பார்த்து வாங்குங்கள் என்பதுதான். செலவில் பெரிய வித்தியாசம் வராது, அலைச்சல் பாதிக்குப் பாதி மிச்சம். அப்புறம் நீ மட்டும் ஏன் மாற்றினாய் என்றால், என் வண்டி தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துக்குள் மட்டும் ஓடுவது. மாடல் 650 டிஐ, பின்பக்கம் சீட்டையெல்லாம் கழற்றிப் பலகை அடித்து பிக்அப் ஆக்கியது. சேசிஸில் துரு இல்லை, அந்த 2523 சிசி எம்டிஐ டீசல் இன்ஜினின் சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்து அதிக நாள் ஆகவில்லை, விற்க மனம் வரவில்லை. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தோட்டத்துப் பாதை செம்மண் சேறு, அதன் பின்னாலேயே பழம் பறிப்பு. மூட்டை ஏற்றிய வண்டி மேட்டில் நின்றுவிட்டால் பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறிக்கும், ஆளைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பலர் பேசுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரித்தவர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்சூரன்ஸ் தகராறு வேறு. என் வண்டி எஸ்டேட் கேட்டைத் தாண்டுவதில்லை; வேலையும் தோட்டத்து ஷெட்டில்தான் நடந்தது, வத்தலக்குண்டிலிருந்து மெக்கானிக் அண்ணன் மேலே வந்து தங்கிச் செய்தார். ரோட்டில் ஓட்ட வேண்டும் என்பவர்களுக்கு இந்த வேலை வேண்டாம்.

முன் ஆக்சிலை மட்டும் வாங்கி மாட்டிவிட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். டூ வீல் கமாண்டரில் முன்னால் இருப்பது வெறும் குழாய் ஆக்சில், அதைக் கழற்றிவிட்டு கிரவுன் (ஷாஃப்டின் சுற்றைச் சக்கரத்துக்குத் திருப்பும் பெரிய பல்சக்கரம்) உள்ள ஆக்சிலை ஸ்பிரிங் பட்டைமேல் உட்காரவைப்பது சுலபமான பகுதி. சிக்கல் நடுவில் இருக்கிறது. பழைய ஜீப்பில் வரும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி, ஸ்பைசர் 18 வகை. அதில் முன்னாலும் பின்னாலும் போகிற ஷாஃப்ட் நடுவிலிருந்து கிளம்பாது, ஒரு பக்கமாக, நம் ஊர் வண்டியில் டிரைவர் பக்கமாகத் தள்ளித்தான் கிளம்பும். அதனால் பின் கிரவுனும் அதே பக்கம் தள்ளி இருக்க வேண்டும். என் வண்டியின் பின் கிரவுனோ நட்டநடுவில். ஆக, பின் ஆக்சிலும் போச்சு. டிரான்ஸ்ஃபர் கேஸின் கியர், கியர்பாக்ஸ் மெயின் ஷாஃப்டின் நுனியிலேயே உட்காருவதால் கியர்பாக்ஸும் போச்சு. அதனால்தான் உதிரி உதிரியாகத் தேடாமல், அடிபட்டு ஓரம்கட்டிய ஒரே ஃபோர் வீல் வண்டியிலிருந்து மொத்த செட்டாக எடுக்கச் சொன்னார் அண்ணன். போடிப் பக்கம் ஒன்று கிடைத்தது.

“தம்பி, பல் கணக்குப் பார்க்காம காசு குடுத்துறாதீங்க” என்று கிளம்பும்போதே சொல்லி அனுப்பினார். பழைய ஜீப்புகளில் 43/8 கிரவுனும் உண்டு, 39/8 கிரவுனும் உண்டு (முதல் எண் கிரவுனின் பல், அடுத்தது அதைச் சுற்றும் சின்னப் பினியனின் பல்). முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று யாராவது எப்போதோ மாற்றியிருந்தால் இரண்டு ஆக்சிலும் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டி டிரான்ஸ்ஃபர் கேஸை உடைத்துவிடும். திறந்து பார்க்கத் தேவையில்லை. ஆக்சிலைக் கட்டையில் தூக்கிவைத்து, ஒரு பக்கத்துச் சக்கரத்தை அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, மறுபக்கத்தை இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். ஷாஃப்ட் மாட்டுகிற பினியன் ஃபிளாஞ்சில் சாக்பீஸ் கோடு போட்டு அது எத்தனை சுற்று வருகிறது என்று பார்த்தால், ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாக நின்றால் 39/8, ஐந்தேகாலைத் தாண்டினால் 43/8. காயலான் கடைக்காரர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, முன்னும் பின்னும் ஐந்துக்குச் சற்று முன்னாலேயே நின்றது. வாங்கினோம்.

மாட்டும் வேலையில் எனக்குப் பிடித்தது, முன் சக்கரம் திரும்புகிற மூட்டான நக்கிள் வேலை. நக்கிள் திரும்புகிற கிங் பின் பேரிங் நான்கையும் புதிதாகப் போட்டு, ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். தளர்ந்தால் ஸ்டியரிங் உதறும், இறுகினால் திருப்ப முடியாது. அதற்கு அண்ணன் கேட்டது பழம் எடை போடுகிற ஸ்பிரிங் தராசு. சீல் மாட்டுவதற்கு முன்பே நக்கிள் கையில் கொக்கியை மாட்டி மெதுவாக இழுத்து, நக்கிள் அசையத் தொடங்குகிற இடத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, ஒரு ஷிம் எடுத்து, மறுபடி இழுத்து, இரண்டு பக்கமும் ஒன்றாக வரும்வரை விடவில்லை.

மற்றது எல்லாம் வெட்டலும் ஒட்டலும்தான். தரைத் தகட்டில் டிரான்ஸ்ஃபர் கேஸின் இரண்டு லீவருக்கும் (முன் ஆக்சிலைச் சேர்க்க ஒன்று, ஹை-லோ மாற்ற ஒன்று) ஓட்டை, கிராஸ் மெம்பரை நகர்த்தியது, சைலன்சர் குழாயை முன் ஷாஃப்டில் உரசாமல் திருப்பியது, முன் பட்டையில் ஒரு இலை கூட்டியது, பிரேக் ஹோஸ் புதிது. புரொப்பெல்லர் ஷாஃப்டை அளவுக்கு வெட்ட லேத்துக்குக் கொடுத்தால், திரும்பி வந்ததும் இரு முனையிலும் உள்ள கவை மாதிரியான யோக்கும் ஒரே நேரில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். கோத்து மாட்டுகிற ஸ்பிளைன் பல்வரிசையில் ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி நடுங்கும்.

ஓட்டிப் பார்த்ததில் நான் எதிர்பார்க்காதது, ஏறுவதைவிட இறங்குவதில்தான் லாபம். லோவில் போட்டால் வேகம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறைகிறது. முழு மூட்டையோடு சரிவில் ஃபர்ஸ்ட் கியரில் விட்டுவிட்டால் பிரேக்கைத் தொடாமலே ஊர்ந்து இறங்குகிறது, நான்கு சக்கரமும் இன்ஜினின் பிடியில். முன்பெல்லாம் அந்த இறக்கத்தில் பின் சக்கரம் வழுக்கிப் பக்கவாட்டில் போகும், வயிறு கலங்கும். லோவைப் போட முதலில் முன் ஆக்சில் லீவரைப் போட்டாக வேண்டும், தனியாக விழாது, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

காப்பி காயப்போடும் சிமென்ட் களத்தில் மட்டும் ஃபோர் வீலைப் போட்டுத் திருப்பக் கூடாது. திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடுகின்றன, இடையில் ஈடுகட்ட எதுவும் இல்லை, சேற்றில் அது வழுக்கிச் சரியாகிவிடும், சிமென்டில் முறுக்கிக்கொள்ளும். ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும், லீவரும் வெளியே வராது. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் விடும். டயர் அதே 6.00-16 அளவு, கட்டை கட்டையாகப் பல் உள்ள மிலிட்டரி பட்டன், இன்னும் அகலம் எதற்கும் தேவைப்படவில்லை.

ஆயிலை மட்டும் அடிக்கடி பாருங்கள். சீல் தேய்ந்தால் கியர்பாக்ஸ் ஆயில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இறங்கிவிடும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. இரண்டிலும் ஃபில்லர் போல்ட்டைக் கழற்றி விரலை விட்டுப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.