நான்கு ஆரஞ்சுக் கட்டைகள்

ஆயுத பூஜை வாரத்தில் கார் ஷோரூமில் வேலை பார்ப்பவர்களுக்கு வீடு மறந்துவிடும். நல்ல நேரம் முடிவதற்குள் சாவியை வாங்கிவிட வேண்டும் என்று குடும்பம் குடும்பமாக வந்து நிற்பார்கள். மாலை, தேங்காய், சக்கரத்துக்கு அடியில் வைக்க நான்கு எலுமிச்சம்பழம் என்று எல்லாவற்றையும் கையோடு கொண்டு வந்திருப்பார்கள். அதற்குள் காரும் தயாராகியிருக்க வேண்டும். அதைத் தயார் செய்வதுதான் என் வேலை. டெலிவரிக்கு முன் செய்யும் சோதனையை நாங்கள் பி.டி.ஐ. என்போம். பதினோரு வருடமாகச் சென்னையில் அதைத்தான் செய்துவருகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் அப்படியொரு வாரத்தில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒரு காரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. கம்பெனி பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது.

அது வெளிநாட்டிலிருந்து முழுதாகக் கப்பலில் இறங்கிய ஸ்போர்ட்ஸ் செடான். வாங்கியவர் சேலத்தில் பல் டாக்டர். இருபது வருடமாக இப்படி ஒரு காருக்காகக் காசு சேர்த்தவர். டெலிவரி அன்று அவருடைய அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்துத்தான் காரை எடுத்தார். சேலம்வரை கிட்டத்தட்ட 340 கிலோமீட்டர். மூன்றாம் நாள் போன் வந்தது.

"தம்பி, வண்டி ரொம்பக் குதிக்குது. அம்மாவுக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு."

"பெர்ஃபார்மன்ஸ் கார் சார், சஸ்பென்ஷன் கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா பழகிடும்" என்றேன்.

அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டார், அதே பதிலைச் சொன்னேன். அதற்கப்புறம் அவர் கூப்பிடவில்லை. ஒரு மாதம் கழித்து முதல் செக்கப்புக்கு வண்டி வந்தது. ரேம்பில் ஏற்றியதும் எங்கள் ஃபோர்மேன் அண்ணன் டார்ச்சை அடித்து, எதுவும் பேசாமல் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். முன்சக்கர ஸ்பிரிங்கின் இரண்டு சுருளுக்கு நடுவே, உள்ளங்கை நீளத்துக்கு ஓர் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் கட்டை. சேறு படிந்து பாதி நிறம்தான் தெரிந்தது. நான்கு சக்கரத்திலும் அப்படியே இருந்தது.

கப்பலிலும் டிரெய்லரிலும் கார் குலுங்கி அடிவாங்கக் கூடாது என்பதற்காகத் தொழிற்சாலையிலேயே ஸ்பிரிங்குக்குள் செருகி அனுப்பும் கட்டை அது. தரையை ஒட்டி நிற்கும் ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றுக்கு இப்படிச் செருகுவார்கள். மாடலைப் பொறுத்து இரண்டு சக்கரத்திலோ நான்கிலுமோ இருக்கும். பி.டி.ஐ. படிவத்தில் அதை எடுத்தாயா என்று தனியாக ஒரு வரியே உண்டு. அந்த வரிக்கு நேராக என் டிக் இருந்தது. அன்று ஒரே நாளில் பதினான்கு கார். படிவங்களை எல்லாம் வரிசையாக வைத்துக்கொண்டு கடைசியில் மொத்தமாக டிக் அடித்தேன்.

கட்டையை உருவினோம். ஸ்பிரிங்கின் மேல்பூச்சு உரசித் தேய்ந்திருந்தது. அதனால் நான்கு ஸ்பிரிங்கையும் ஷோரூம் செலவில் மாற்றிக்கொடுத்தோம். டாக்டரைப் பக்கத்தில் உட்கார வைத்து நானே ஓட்டிக்காட்டினேன். பூந்தமல்லி தாண்டிச் சர்வீஸ் ரோட்டில் ஒரு வேகத்தடை வந்தது. ஏறி இறங்கியதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "நான் இந்தக் காரை வாங்கினதே தப்புன்னு நினைச்சுட்டேன் தம்பி. வித்துடலாம்னு விலைகூடக் கேட்டுட்டேன்."

திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இருபது வருட ஆசை மேலேயே அந்த மனிதர் சந்தேகப்பட்டிருக்கிறார். சந்தேகப்பட வைத்தது என் வாயிலிருந்து வந்த "பெர்ஃபார்மன்ஸ் கார் சார்" என்கிற மூன்று வார்த்தை.

சாதாரணக் காரில் குறை இருந்தால் குறையாகவே தெரியும். ஹேட்ச்பேக் ஒன்று குதித்தால் யாரும் அதை அதன் சுபாவம் என்று சொல்ல மாட்டார்கள். வேகக் கார்களில்தான் குறை சுபாவத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இறுக்கம், சத்தம், பிரேக் கிறீச்சிடுவது, கியர் விழும்போது ஒரு தட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே சமாதானம் கைவசம் இருக்கிறது. வாங்குபவரும் அதை நம்பத் தயாராக இருப்பார். அதனால் இந்தக் கார்களைச் சோதிப்பவனுக்கு எது சுபாவம், எது கோளாறு என்று பிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் மற்ற எதைத் தெரிந்துவைத்திருந்தும் பிரயோஜனமில்லை.

உதாரணத்துக்கு, காலையில் முதல் ஸ்டார்ட்டில் இன்ஜின் ஐட்லிங் உயர்ந்து உறுமும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்குவதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள், ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் பார்க்க வேண்டும். நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால் அகல டயர்கள் தரையில் தத்தித் தத்திப் போகும். அதுவும் சுபாவம்தான். ஆனால் நேர்ரோட்டில் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால் சுபாவம் கிடையாது. அந்த இடத்தில் நான் முதலில் எடுப்பது டயர் பிரஷர் கேஜை. புதுக் கார்களை நிறுத்திவைக்கும் யார்டில் மாதக்கணக்கில் நின்றால் டயர் ஓரிடத்தில் அமுங்கித் தட்டையாகிவிடும் என்பதற்காக 45, 50 பிஎஸ்ஐ வரை காற்று அடித்து அனுப்புவார்கள். அதை இறக்காமலே டெலிவரி ஆகிப்போன கார்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். டாக்டரின் காரில் காற்றை ஒழுங்காக இறக்கிவைத்திருந்தேன். அதைச் செய்த கைக்கு அரையடி மேலே இருந்த கட்டை தெரியவில்லை.

டயர் பக்கம் உட்கார்ந்துவிட்டால் எனக்கு நேரம் போவது தெரியாது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரத்தில் செய்த டயர். நான்கிலும் தேதி கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தள்ளி இருந்தால் அந்தச் சக்கரத்துக்கு ஏதோ நடந்திருக்கிறது. முன்னும் பின்னும் அளவு வேறாக இருக்கும் கார்களும் உண்டு. இப்போதைய பிஎம்டபிள்யூ எம்2-வில் முன்னால் 275/35 ஆர்19, பின்னால் 285/30 ஆர்20. போல்ட் இறுக்கமும் காருக்குக் கார் மாறும். பிஎம்டபிள்யூவில் 140 நியூட்டன் மீட்டர், நடுவில் ஒற்றை நட் வைத்த போர்ஷேவில் 600. "கைக்குத் தெரியும்ணே" என்று புதுப் பையன்கள் சொல்வார்கள். 600 எந்தக் கைக்கும் தெரியாது. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் அந்தச் சக்கரத்தைத் தொட விடமாட்டேன்.

தாழ்வான கார்களில் இன்னோர் இடம் உண்டு, வாங்குபவர் கண்ணில் அநேகமாகப் படவே படாது. முன் பம்பருக்கு அடியில் உதடு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி. டிரெய்லரிலிருந்து இறக்கும்போது சாய்வுப் பலகை செங்குத்தாக இருந்தால் முதலில் உரசுவது அதுதான். நின்று பார்த்தால் தெரியாது. கைபேசியைத் தரையோடு வைத்து, கேமராவை மேல்நோக்கித் திருப்பி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக நகர்த்தி வீடியோ எடுப்பேன். பாதிக் கார்களில் சுத்தமாக இருக்கும். மீதியில் கறுப்புப் பிளாஸ்டிக்கில் வெள்ளைக் கீறல் இழுத்திருக்கும், சிலதில் சிராய் சிராயாகப் பிய்ந்து தொங்கும். டெலிவரிக்கு முன்னால் கண்டுபிடித்தால் டிரான்ஸ்போர்ட் கணக்கில் மாற்றலாம். அப்புறம் என்றால் "நீங்க ஸ்பீடு பிரேக்கர்ல இடிச்சிருப்பீங்க சார்" என்று பதில் வரும்.

பெயின்டின் தடிமனை அளக்க மைக்ரான் மீட்டர் வைத்திருக்கிறேன். தொழிற்சாலை பெயின்ட் பெரும்பாலும் 90-லிருந்து 150 மைக்ரானுக்குள் இருக்கும். அலுமினிய பானெட்டுக்கு அதற்கேற்ற சென்சார் உள்ள மீட்டர் வேண்டும், கார்பன் ஃபைபர் கூரையில் அது எதையுமே காட்டாது. அந்த மாதிரி கூரையை வெயிலில் நிறுத்திச் சாய்வாகப் பார்ப்பதுதான் வழி. நான் முன்பு வேலை பார்த்த இன்னோர் இடத்தில் புத்தம்புதுக் கார் ஒன்றில் மற்ற பக்கமெல்லாம் 120 காட்டிய மீட்டர், பின்சக்கரத்துக்கு மேலே மட்டும் 310 காட்டியது. யார்டிலேயே இடிபட்டு, டிங்கரிங் பார்த்து, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வேலை அவ்வளவு நேர்த்தி, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, "புதுசு மாதிரியேதானே இருக்கு, கையெழுத்துப் போடுப்பா" என்றார். போடவில்லை. வாங்குபவரிடம் சொல்லி, அவர் சம்மதித்தால் விலையைக் குறைத்துக் கொடுங்கள், நானே அவரிடம் பேசுகிறேன் என்றேன். மூன்று நாள் என்னோடு யாரும் சரியாகப் பேசவில்லை. கடைசியில் அவரிடம் சொன்னார்கள். அவர் வேறு கார் வேண்டும் என்று காத்திருந்து வாங்கிக்கொண்டார்.

அவருக்குக் காத்திருக்க வழி இருந்தது. எல்லோருக்கும் அப்படி அமையாது. 2025-ல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ முதல் தவணையாக இந்தியாவுக்கு 150 கார்தான் வந்தது. ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 100 கார்தான். நாடு முழுவதற்கும் அவ்வளவே என்கிறபோது, இது வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? கீறல் இருந்தாலும் பரவாயில்லை என்று பூ வைத்துப் பொட்டு வைத்து எடுத்துப் போய்விடுவார்கள். இந்த மாதிரி கார்களைத்தான் இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வாங்குபவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பதிவுக்குப் போவதற்கு முன்னால் யார்டுக்கு வந்து காரைப் பாருங்கள். ஆர்.டி.ஓ.வில் உங்கள் பெயர் ஏறிவிட்டால் அப்புறம் வேறு கார் கொடு என்று கேட்பது பெரிய போராட்டம். சாயங்காலம் வராதீர்கள், டியூப் லைட் வெளிச்சத்தில் கீறல் தெரியாது. வாட்டர் வாஷ் அடித்த உடனேயும் வேண்டாம், ஈரத்தில் எல்லாக் காரும் பளபளக்கும். சேஸிஸ் நம்பரின் 17 எழுத்தையும் இன்வாய்சோடு ஒப்பிடுங்கள். மழைக்காலத்துக்குப் பிறகு வாங்குவதாக இருந்தால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். இருக்கையைத் துடைப்பார்கள், கார்பெட்டை மாற்றுவார்கள், சுருண்டு உள்ளே கிடக்கும் பெல்ட்டின் கடைசி ஒரு முழத்தை யாரும் கழுவுவதில்லை. சேற்றுக்கோடு அங்கே இருக்கும்.

ஓட்டிப் பார்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு நடக்க இடம் அதிகம் அங்கேதான். 450, 480 குதிரைசக்தி காரின் சாவி இருபத்திரண்டு வயசுப் பையன் கையில் இருக்கிறது, யார்டுக்கு வெளியே காலி ரோடு. பிஎம்டபிள்யூ எம் கார்களுக்கு முதல் 2,000 கிலோமீட்டர் 5,500 ஆர்பிஎம்மையும் 170 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டக் கூடாது என்று கையேட்டிலேயே இருக்கிறது. அந்தத் தூரம் ஓடியதும் இன்ஜின் ஆயிலையும் டிஃபரன்ஷியல் ஆயிலையும் மாற்றச் சொல்கிறார்கள். புது பிஸ்டன், புது பேரிங், புதுப் பல்சக்கரம் எல்லாம் ஒன்றோடொன்று பழகும் காலம் அது. ஆயில் சூடாகாமல் ஒருமுறை முறுக்கினாலும் வாங்கியவருக்குத் தெரியவே போவதில்லை. அதனால்தான் நானே ஓட்டுகிறேன், இல்லாவிட்டால் பக்கத்து இருக்கையில் உட்காருகிறேன். முதல் சில கிலோமீட்டர் ஆயில் டெம்பரேச்சர் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்போம். அப்புறம் சுத்தமான ரோட்டில் ஸ்டியரிங்கைத் தளர்த்திப் பிடித்து, ஜன்னலை ஏற்றி, ஏசியையும் பாட்டையும் நிறுத்தி, காதைக் கொடுத்துக் கேட்போம். திரும்பி வந்து ஓடோமீட்டரைப் படிவத்தில் எழுதி, வாங்குபவரிடம் எத்தனை கிலோமீட்டர் நாங்கள் ஓட்டினோம் என்று சொல்லிவிடுவேன்.

டாக்டர் காருக்குப் பிறகு என் மேஜையில் மொத்தமாக டிக் அடிக்கும் வழக்கம் போய்விட்டது. படிவம் காரோடேயே நகரும். உருவிய கட்டைகளைக் குப்பையில் போடக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். நான்கையும் ஒரு கேபிள் டையில் கோர்த்து ஜாப் கார்டோடு சேர்த்துக் கட்டி என்னிடம் கொண்டு வர வேண்டும். கையில் வாங்கி எண்ணிய பிறகுதான் அந்த வரியில் டிக் போடுவேன்.

போன மாதம் முகூர்த்த நாள் ஒன்றில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் கட்டைகளைக் கொண்டு வந்து வைத்தான். வெளியே வாங்குபவரின் குடும்பம் வந்தாயிற்று, ஐயர்கூட வந்துவிட்டார். எண்ணினேன். மூன்று இருந்தது.

"நாலாவது எங்கப்பா?"

"உருவிட்டேண்ணே, எங்கயோ கீழ விழுந்திருக்கும்ணே."

காரை மறுபடி ரேம்பில் ஏற்றச் சொன்னேன். அவன் முகம் வாடிவிட்டது. சேல்ஸ் ஆள் வாசலில் நின்று கடிகாரத்தைக் காட்டினார். வலது பின்சக்கரத்துக்கு உள்ளே டார்ச் அடித்தோம். சுருளுக்கு நடுவே ஆரஞ்சு தெரிந்தது. அவன் கையை விட்டு உருவி, துணியால் துடைத்து, மற்ற மூன்றோடு சேர்த்துக் கட்டினான்.