ஜோஷிமத்தில் இரண்டு இரவு, பிறகுதான் பத்ரிநாத்: மலையகத்திலிருந்து போகிறவர்களுக்கு

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். இந்தியாவின் உத்தரகாண்டில் இருக்கும் பெருமாள் தலமான பத்ரிநாத்துக்குப் போகும் வழியில் இருக்கும் ஜோஷிமத்தும் ஏறக்குறைய அதே உயரம்தான், சுமார் 1,890 மீட்டர். ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா பக்கமிருந்து இமயமலை யாத்திரைக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜோஷிமத் வரை நமக்குத் தெரிந்த காற்று, தெரிந்த குளிர். அங்கிருந்து 45 கிலோமீட்டரில் பத்ரிநாத், 3,100 மீட்டருக்கு மேல். நம் நாட்டின் மிக உயர்ந்த பீதுருதாலகால உச்சியே 2,524 மீட்டர்தான். "நாம மலையில பொறந்து வளர்ந்த ஆளுங்க, நமக்கு என்ன" என்ற தைரியத்தை ஜோஷிமத்திலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. ஹட்டன் உயரத்தில் வாழ்ந்து பழகிய உடம்புக்கு 3,100 மீட்டரில் தனிப் பாதுகாப்பு எதுவும் இல்லை.

யாத்திரைக் குழுக்கள் பெரும்பாலும் செய்வது இதுதான்: ரிஷிகேஷிலிருந்து விடியற்காலையில் வான் எடுத்து, சுமார் 250 கிலோமீட்டர் வளைவுகளில் குலுங்கி, இருட்டும் நேரத்தில் ஜோஷிமத் சேர்கிறார்கள். மறுநாள் காலையிலேயே பத்ரிநாத் ஏறுகிறார்கள். ரிஷிகேஷ் 400 மீட்டர்கூட இல்லை. ஒன்றரை நாளுக்குள் 2,700 மீட்டர் ஏறினால் அறுபது வயதுக்காரருக்குத் தலையிடி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். எங்கள் யோசனை: ஜோஷிமத்தில் இரண்டு இரவு தங்குங்கள். பத்ரிநாத்துக்குக் காலையில் ஏறி, தரிசனம் முடித்து, மாலைக்குள் ஜோஷிமத்துக்கே திரும்பி வந்து படுங்கள். இளவயதினர் மேலே ஓர் இரவு தங்கலாம். பிரஷர், இருதய வருத்தம், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது வேண்டாம்.

உயரத்தால் வரும் வருத்தத்தை நம் ஆட்கள் அடையாளம் காணத் தவறுவது வழக்கம். தலையிடி, வாந்தி, பசியின்மை, தூக்கமின்மை, படி ஏறினால் மூச்சு வாங்குவது: இவற்றை "கேஸ்", "தடிமன்", "வான்ல வந்த அலுப்பு" என்று சொல்லி ஒரு பெனடோலோடு சமாளிக்கிறார்கள். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் பிராணவாயு அந்த அளவுக்குக் குறைகிறது. தலையிடி மட்டும் என்றால் ஓய்வெடுத்து, தண்ணீர் குடித்துப் பார்க்கலாம். தடுமாற்றம், குழப்பமான பேச்சு, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல் என்று வந்தால் காத்திருக்கக் கூடாது, உடனே கீழே இறக்க வேண்டும். கடைகளில் விற்கும் சிறிய ஒட்சிசன் டின்கள் சில நிமிட ஆறுதல்தான். 1,200 மீட்டர் கீழே இருக்கும் ஜோஷிமத்துக்கு இறங்குவதுதான் முதல் மருந்து, ஆஸ்பத்திரி அதற்கு அடுத்தது. உயரத்துக்கான மாத்திரை வேண்டுமென்றால் புறப்படுவதற்கு முன் இங்கேயே வைத்தியரிடம் கேளுங்கள். சீனி வருத்தம், பிரஷருக்கான மாத்திரைகளைத் திரும்பி வரும் நாளுக்கு அப்பாலும் ஒரு வாரத்துக்குப் போதுமான அளவு கைப்பையில் கொண்டுபோங்கள். வீதி அடைபட்டால் பெரிய சூட்கேஸ் ஓரிடத்திலும் ஆள் ஓரிடத்திலும் நிற்க நேரிடலாம்.

எப்போது போவது? பத்ரிநாத் கோயில் ஏப்ரல் கடைசி அல்லது மே மாதத்தில் திறந்து நவம்பரில் நடை சாத்துகிறது. திறக்கும் நாளை வசந்த பஞ்சமியன்றும், சாத்தும் நாளை விஜயதசமியன்றும் அறிவிப்பார்கள். அந்த அறிவிப்பு வந்த பிறகே விமான டிக்கெட் எடுங்கள். மே, ஜூனில் கூட்டம் நெரியும். ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலம், போகவே வேண்டாம். செப்டெம்பர் பிற்பாதியிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரை வானம் வெளித்து, பனிமலைகள் துலக்கமாகத் தெரியும். எங்களுக்குப் பிடித்த காலம் அதுதான். ஒக்டோபரில் ஜோஷிமத் இரவு, தை மாத நுவரெலியாக் குளிரோடு ஒத்துப்போகும். பத்ரிநாத்தில் அது பூச்சியத்தை நெருங்கும். ஒரு மொத்த ஜக்கெட்டை விட, உள்ளே ஒட்டிய பனியன், அதன் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் காற்றும் மழையும் புகாத ஜக்கெட் என்று மூன்று அடுக்காகப் போடுவதே சரி. வெயில் ஏறினால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். நம் ஊர்க் குளிர் ஈரக் குளிர், அங்கே காற்று வறண்டது. உதடும் மூக்கும் வெடிக்கும், வஸ்லின் மறக்கக் கூடாது.

இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு இந்திய இ-விசா கிடைக்கும். இந்திய அரசின் தளத்தைப் போலவே தோன்றும் தரகர் தளங்கள் பல உண்டு, அவற்றில் பணத்தை விட்டுவிடாதீர்கள். உத்தரகாண்ட் அரசின் சார்தாம் யாத்திரைப் பதிவு கட்டாயம். பதிவு செய்ததும் கிடைக்கும் கியூ.ஆர் தாளை அச்சடித்து ஆளுக்கு ஒன்றாக வைத்திருங்கள். தங்குமிடத்தில்தான் பலர் முட்டிக்கொள்கிறார்கள். வெளிநாட்டவர் தங்கினால் 'சி' படிவத்தில் விபரம் அனுப்புவது விடுதிக்காரரின் கடமை. அந்த வசதி இல்லாத சிறு விடுதிகளும் ஆசிரமங்களும் கடவுச்சீட்டைப் பார்த்ததும் கைவிரிப்பதுண்டு. தமிழ் பேசுவதால் சென்னைப் பக்கத்து ஆள் என்று நினைத்து முதலில் சரி சொல்லியிருப்பார்கள். ஆகவே அறை கேட்கும்போதே "இலங்கைக் கடவுச்சீட்டு, சி படிவம் போடுவீர்களா" என்று கேட்டுவிடுங்கள். இந்திய வங்கிக் கணக்கு இல்லாத நாம் போனில் காசு செலுத்தும் முறையை நம்ப முடியாது. டில்லியிலோ ரிஷிகேஷிலோ தாளாக எடுத்து, சிறு நோட்டாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: நம் சார்ஜரின் சதுர முள் பிளக் அங்கே ஏறாது, உருண்டை முள் அடாப்டர் வேண்டும்.

ஜோஷிமத் போகிற வழியையும் அவசரப்பட்டுக் கடக்காதீர்கள். ரிஷிகேஷிலிருந்து 70 கிலோமீட்டரில் தேவப்பிரயாகை. அலக்நந்தாவும் பாகீரதியும் சேர்ந்து கங்கை என்று பெயர் பெறுவது இங்கேதான். பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் இந்த ஊர். இங்குள்ள ரகுநாதர் கோயில் இராமனுக்குரியது. இராவணனைக் கொன்ற பாவம் தீர இராமன் இங்கே தவம் இருந்தான் என்பது தலக்கதை. சீதா எலிய அம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு, அந்தக் கதையின் மறுமுனை இங்கே இருக்கிறது. சங்கமத்துக்கு இறங்கும் படிகள் செங்குத்தானவை, கீழே நீரோட்டம் பயங்கரம். சங்கிலியைப் பிடித்துக்கொண்டே குளிக்க வேண்டும். ஒரே நாளில் 250 கிலோமீட்டர் முடியாதவர்கள் உருத்திரப்பிரயாகையில் இரவு தங்கலாம். இரவில் இந்த மலை வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள், ஆகவே இருட்டுவதற்குள் சேரும்படி கணக்குப் போடுங்கள்.

ஜோஷிமத்தில் முதலில் நரசிங்கர் கோயில். வைணவ மரபு இதைத் திருப்பிரிதி என்று 108 திவ்ய தேசங்களில் சேர்க்கிறது, திருமங்கையாழ்வார் பாடியது. மூர்த்தி சிறியது, கூட்டத்தில் பின்னால் நின்றால் ஒன்றும் தெரியாது, ஆகவே காலையில் சீக்கிரம் போங்கள். அதன் ஒரு கை ஆண்டுக்காண்டு மெலிகிறது, அது ஒடியும் நாளில் பத்ரிநாத் வழி அடைபடும், அதன்பின் பெருமாள் பவிஷ்ய பத்ரி, அதாவது வருங்கால பத்ரி என்ற தலத்தில் இருப்பார் என்று அங்குள்ளவர்கள் நம்புகிறார்கள். பத்ரிநாத் நடை சாத்தியபின் ஆதிசங்கரரின் ஆசனம் பனிக்காலத்துக்கு இங்கே இறங்கி வருகிறது. ஆகவே டிசம்பரில் போக நேர்ந்தவர்களுக்கும் இந்த ஊர் வீண் போகாது. சங்கரர் நிறுவியதாகச் சொல்லும் நான்கு மடங்களில் வடக்கு மடம் இங்கே. அவர் தவம் செய்ததாகக் காட்டப்படும் மல்பெரி மரம் பக்கத்திலேயே நிற்கிறது. 2024இல் ஊரின் பெயரையே ஜோதிர்மட் என்று மாற்றிவிட்டார்கள். வரைபடத்திலும் பஸ் பலகையிலும் இரண்டு பெயரையும் பார்ப்பீர்கள்.

இரண்டாம் நாள் ஔலி. புல்வெளிச் சரிவிலிருந்து 7,816 மீட்டர் நந்தாதேவியைப் பார்க்கலாம். காலை பத்து மணிக்கு முன் போங்கள், பிறகு முகில் ஏறிவிடும். ஜோஷிமத்திலிருந்து ஔலிக்கு ஏறும் ரோப்வேயை நம்பித் திட்டம் போடாதீர்கள். 2023 ஜனவரியில் நிலம் தாழ்ந்தபோது அதை நிறுத்தினார்கள். ஜீப் பேசி வீதி வழியாகவே போங்கள்.

அந்த ஜனவரியில் நடந்ததை மலையகத்து ஆள் சும்மா கேட்டுவிட்டுக் கடந்துபோக முடியாது. நகரத்தில் 800க்கும் மேற்பட்ட கட்டடங்களில் வெடிப்பு விழுந்தது, குடும்பங்களை இரவோடிரவாக வெளியேற்றினார்கள். காரணம் நமக்குப் பழக்கமானது. ஊர் உட்கார்ந்திருப்பது பழைய மண்சரிவு கொண்டுவந்து கொட்டிய மண்ணும் கல்லும். கழிவுநீருக்கும் மழைநீருக்கும் சரியான கான் இல்லை, எல்லாம் மண்ணுக்குள் இறங்குகிறது. அடிவாரத்தை அலக்நந்தா அரிக்கிறது. மேலே மாடி மேல் மாடியாகக் கட்டினார்கள். பாரமான கட்டடம் வேண்டாம், சரிவின் பாறைகளைத் தோண்டாதீர்கள், வெடி வைக்காதீர்கள் என்று 1976இலேயே அரசு அமைத்த மிஸ்ரா குழு எழுதிக் கொடுத்தது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதையும், அங்கேயும் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்ததையும் நாம் மறக்கவில்லை. அறை எடுக்கும்போது அந்தக் கண்ணோடு பாருங்கள். கதவு நிலையின் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு, திடீரென்று இறுகிச் சாத்த முடியாத கதவு, வயிறு தள்ளிய தாங்குசுவர், முற்றத்துச் சீமெந்தில் புதிதாகப் பூசிய கோடு: இவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு விடுதி பாருங்கள். ஐந்து மாடி ஹோட்டலை விட இரண்டு மாடி வீட்டு விடுதியே நல்லது. தண்ணீரையும் சிக்கனமாகப் பாவியுங்கள், ஊற்றுவது எல்லாம் அந்த மண்ணுக்குள்தான் போகிறது.

பத்ரிநாத் ஏறும் நாளில் காலை ஆறு மணிக்கே கிளம்புங்கள். விஷ்ணுப்பிரயாகை, பாண்டுகேஷ்வர், அனுமன்சட்டி என்று வீதி போகும். பாண்டுகேஷ்வருக்கு மேலே லம்பகட் பக்கம் கல் உருளும் இடம். இரவு மழை பெய்திருந்தால் காலையில் வெயில் பட்டதும் கல் தளர்ந்து விழும். அங்கே படமெடுக்க வானை நிறுத்தச் சொல்லாதீர்கள். வீதி அடைபட்டால் வெட்டிய மண்ணின் கீழே நிற்காமல் பின்னால் அகன்ற இடத்துக்குப் போய்க் காத்திருங்கள். யாத்திரைக் கணக்கில் இரண்டு நாள் சும்மா விட்டுவைப்பது இதற்காகத்தான்.

கோயிலுக்குக் கீழே தப்த குண்டம், சுமார் 45 பாகை வெந்நீர். ஐந்து நிமிடத்துக்கு மேல் இறங்கி நிற்காதீர்கள். சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிந்து பிரஷர் இறங்கும், அந்த நிலையில் சட்டென்று எழுந்தால் தலைசுற்றி விழுவார்கள். யாராவது ஒருவர் துவாயோடு கரையில் நிற்க வேண்டும். பூசை செய்யும் ராவல் கேரளத்து நம்பூதிரி. திருமங்கையாழ்வார் பத்ரிநாத்தை வதரி என்று பாடும்போது, முதுமை வந்து கோலூன்றி இருமும் முன்னே போய்த் தொழுங்கள் என்கிறார். பிள்ளைகளுக்குக் கலியாணம் முடியட்டும், பென்ஷன் வரட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு அது நேரான யோசனை.

சாப்பாடு மேலே சைவம் மட்டும். அந்த உயரத்தில் தண்ணீர் 90 பாகையிலேயே கொதித்துவிடும், நுவரெலியாவில் 94. அதனால் பிரஷர் குக்கர் இல்லாத கடையில் சோறு நடுவே அரிசியாக இருக்கும், ரொட்டியும் பருப்பும் கேளுங்கள். அவர்களின் தேத்தண்ணி பால், இஞ்சி, சீனி போட்டுக் காய்ச்சியது. நம் பிளேன்டி இல்லாமல் முடியாதவர்கள் வீட்டுத் தேயிலையைக் கொண்டுபோய்ச் சுடுதண்ணி மட்டும் வாங்குங்கள். தூளை வழக்கத்தை விட இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக ஊறவிட்டால்தான் சாயம் இறங்கும்.

றம்பொடை அனுமார் கோயிலுக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜோஷிமத்துக்கு அப்பால் நீதி பள்ளத்தாக்கில் துரோணகிரி என்ற கிராமம் இருக்கிறது. சஞ்சீவி மலையை அனுமார் பெயர்த்துக்கொண்டு போனது தங்கள் ஊரிலிருந்துதான் என்று சொல்லும் அந்த மக்கள் இன்றும் அவரைக் கும்பிடுவதில்லை. அந்த மலையின் துண்டுதான் உணவட்டுனையில் விழுந்து றுமஸ்ஸல ஆனது என்று இங்கே நாம் சொல்கிறோம். ஜோஷிமத்தில் வான் சாரதியோடு பேச்சுக் கொடுத்தால் இந்தக் கதை கட்டாயம் வரும். இலங்கையிலிருந்து வருகிறீர்கள் என்று தெரிந்ததும் அவரே கேட்பார்.