பூச்சிக்கும் ஒரு பலகை

இங்கிலாந்தின் டெஸ்ட் ஆறு சுண்ணாம்புப் பாறை ஊற்றிலிருந்து வருவதால் தண்ணீர் அவ்வளவு தெளிவு. அதன் கரையில், ஸ்டாக்பிரிட்ஜ் ஊரில், 1822இல் டிரவுட் மீன் பிடிப்பவர்கள் தொடங்கியது ஹோட்டன் கிளப். உறுப்பினர்கள் மிகக் குறைவு. பிடித்த மீனைக் குறிப்பேட்டில் பதிவது நெடுநாள் வழக்கம். பணக்காரர் சங்கம்தான், சரி, அதை விடுங்கள்.

எனக்குப் பிடித்தவர் அங்கே ஆற்றுக் காவலராக இருந்த வில்லியம் லன். 1887இல் பொறுப்புக்கு வந்தவர். ஆற்றுப் பூச்சிகள் முட்டையிட மிதக்கும் பலகைகளைக் கட்டிவைத்தார். அடியில் ஊர்ந்து முட்டையைத் தின்னும் புழுக்கள் அதில் ஏற முடியாது. பூச்சி பெருகினால்தானே மீனுக்குத் தீனி! மீனை ஏமாற்ற நூலும் இறகும் வைத்து, பூச்சி மாதிரியே அவர் கட்டிய தூண்டில் ஈ ஒன்று இன்றும் அவர் பெயரிலேயே புழங்குகிறது. அவருக்குப் பின் மகன், அப்புறம் பேரன் என்று மூன்று தலைமுறை அதே ஆற்றைக் காத்தது.