மழை வந்தால் ஓடத் தயாராகும் உடம்பு

2015 டிசம்பர் 1 இரவு அடையாறு பெருகியபோது நாங்கள் ஜாபர்கான்பேட்டையில் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். மாடி வீட்டு அக்கா கதவைத் திறந்துவிட்டதால் பிழைத்தோம். இப்போது வேறு பகுதியில், மூன்றாவது மாடியில் இருக்கிறேன். இங்கே தண்ணீர் வராது என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் ஐப்பசி மழை இரவில் கொட்டினால் நெஞ்சு படபடக்கும், வயிற்றைப் பிசையும், உள்ளங்கை வேர்க்கும். 2023 மிக்ஜாம் புயலின்போது கை கால் உதறி, மூச்சே நின்றுவிடும் போல ஆகிவிட்டது. "ஒண்ணும் ஆகாதும்மா, பயப்படாதே" என்று மாமியார் திரும்பத் திரும்பச் சொன்னார். பாசமாகத்தான் சொன்னார், ஆனால் உதறல் நிற்கவில்லை.

முதலில் பொது மருத்துவரிடம் போனேன். ஈசிஜி, தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை எல்லாம் பார்த்தார்கள், எல்லாமே சரியாக இருந்தன. படபடப்பு இருக்கிற யாரும் இதைத் தாண்டிக்கொண்டு போகாதீர்கள். தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே மாதிரிதான் படபடக்கும்.

அப்புறம்தான் உடம்பை வைத்துச் சிகிச்சை தருகிற ஓர் உளவியல் ஆலோசகரைப் பார்த்தேன். வெள்ளத்தின் கதையை அவர் உடனே கேட்கவில்லை. "இப்போ உடம்புல எங்க தெரியுது?" என்றுதான் கேட்டார். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அவர் விளக்கியது எனக்குப் பெரிய ஆறுதல். ஆபத்து என்று மூளை எடுத்துக்கொண்டால், நாம் யோசித்து முடிப்பதற்குள் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்துவிடும். இதயம் வேகமெடுக்கும். ஓடவோ எதிர்க்கவோ வசதியாக ரத்தம் குடலைவிட்டுக் கை கால் தசைகளுக்குப் போகும், வயிற்றைப் பிசைவது அதனால்தான். வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் நூறு வருடங்களுக்கு முன்பே இதை விவரித்திருக்கிறார். அன்று இரவு எங்களை மாடி ஏற வைத்ததும் இதே வேகம்தான். என் உடம்பு கெட்டுப்போகவில்லை, என்னைக் காப்பாற்றத்தான் பார்க்கிறது என்று புரிந்ததும் அழுதுவிட்டேன்.

பயிற்சிகளில் எனக்கு அதிகம் உதவியது மூச்சை நீளமாக விடுவது. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் என்ற நரம்பு அதைக் குறைக்கும். மூக்கால் நாலு எண்ணும்வரை இழுத்து, உதட்டைக் குவித்து ஆறு எண்ணும்வரை விடுவேன். நிமிடத்துக்கு ஆறு மூச்சு போல வரும். மழை இல்லாத நாளில்தான் பழக வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

தசைகளை இறுக்கித் தளர்த்துவது இன்னொன்று. சிகாகோ மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920களிலேயே உருவாக்கிய முறையின் எளிய வடிவம் இது. முஷ்டியை ஐந்து விநாடி இறுக்கிவிட்டு மெல்ல விடுவேன், அடுத்து தோள், தாடை, கெண்டைக்கால்.

மூச்சைக் கவனித்தாலே பயம் கூடுகிறவர்களும் உண்டு. அவர்கள் கண்ணைத் திறந்தே வைத்து, பாதம் தரையில் படுவதை உணர்ந்து, அறையில் இருக்கிற பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். எனக்கும் சில இரவுகளில் இதுதான் கைகொடுக்கிறது.

மழை இரவுகளில் இன்னும் விழிப்பு வருகிறது. ஆனால் எழுந்துபோய் பால்கனியில் தெருவை எட்டி எட்டிப் பார்ப்பதில்லை. படுத்தபடியே மூச்சை நீளமாக இழுத்து விட்டு, பெரும்பாலும் மறுபடி தூங்கிவிடுகிறேன்.

யாரிடமாவது போக நினைத்தால், அவர்களுடைய படிப்பையும் பயிற்சியையும் தயங்காமல் கேளுங்கள். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, உங்கள் சம்மதம் கேட்காமல் தொட்டாலோ அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மனஸ் 14416 இருக்கிறது. இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.