32 வருடங்களுக்குப் பிறகு ஓர் ஒக்டோபர்

ஒக்டோபர் 13, 2025, திங்கள்

வேர்ல்ட் சீரிஸ் என்ற பேஸ்பால் இறுதித் தொடருக்குப் போக எங்கள் ரொறன்ரோ புளூ ஜேஸ் அணி சியாட்டிலை நான்கு முறை வெல்ல வேண்டும். சொந்த மண்ணில் இரண்டு ஆட்டங்கள், இரண்டிலும் தோல்வி. நேற்று 3-1, இன்று 10-3. போன வாரம் நியூயோர்க் யாங்கீஸை நான்கே ஆட்டங்களில் மூட்டை கட்ட வைத்த அணியா இது? மிசிசாகாவில் பிறந்த ஜோஷ் நேலர், நம் ஊர்ப் பிள்ளை, சியாட்டில் சட்டை போட்டுக்கொண்டு நமக்கு எதிராகப் பந்தைச் சுவருக்கு அப்பால் அனுப்பி ஹோம் ரன் அடிக்கிறார். வயிறு எரிகிறது. தாங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வந்தவர்கள் பாதி ஆட்டத்திலேயே தொலைக்காட்சியை விட்டு எழுந்துவிட்டார்கள்.

ஆனால் புளூ ஜேஸை நான் இன்னும் கைவிடவில்லை, காரணம் இருக்கிறது. போன வருடம் தங்கள் பிரிவில் கடைசியாக வந்தவர்கள் இந்த வருடம் முதலிடம் பிடித்தது அதிர்ஷ்டத்தால் அல்ல. இந்தப் பருவத்தில் மிகக் குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆன அணி இதுதான். மட்டையைக் காற்றில் வீசிவிட்டுத் தலைகுனிந்து திரும்புவது இவர்களுக்குப் பழக்கமில்லை. எப்படியாவது பந்தைத் தொட்டுவிடுவார்கள். தொட்ட பந்து எங்கேயாவது போகும், எதிரணி அதை ஓடிப் பிடித்து எறிந்தாக வேண்டும், அதில் ஏதாவது நடக்கும். எனக்குப் பிடித்த பேஸ்பால் இதுதான்.

ஒக்டோபர் 17, வெள்ளி

சியாட்டிலில் இரண்டை வென்று தொடரைச் சமன் செய்தோம். இன்றும் எட்டாவது இன்னிங்ஸ் வரை 2-1 என்று முன்னிலை. பிறகு எங்கள் பந்து வீச்சாளர் பிரெண்டன் லிட்டிலை ஏன் பந்து வீச அழைத்தார்கள்? அடுத்து அடிக்க வருவது சியாட்டிலின் கால் ராலி என்பது அரங்கில் இருந்த குழந்தைக்கும் தெரியும். ராலி சமன் செய்தார், சற்று நேரத்தில் சுவாரெஸ் தளங்கள் நிறைந்திருக்க நான்கு ஓட்டங்களுக்கு அடித்தார். 6-2. பயிற்றுநர் ஜோன் ஷ்னைடரை எனக்குப் பிடிக்கும், இந்த ஒரு முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. இனி ஒரு தோல்வி வந்தாலும் எல்லாம் முடிந்தது.

ஒக்டோபர் 20, திங்கள், தீபாவளி

ஆறாவது ஆட்டத்தை நேற்று வென்றோம். இன்று ஏழாவது. மாலையில் கோயில், பிறகு சித்தப்பா வீட்டில் எல்லோரும். சித்தப்பா 1993 ஒக்டோபர் 23ஆம் திகதி ஜோ கார்ட்டர் பந்தைச் சுவருக்கு அப்பால் அனுப்பிக் கிண்ணத்தை வென்றதை நேரலையில் பார்த்தவர். கனடாவில் தன்னை முதன்முதலாகக் கட்டிப்பிடித்தது முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரர், அந்த இரவில், யங் வீதியில் என்று வருடாவருடம் சொல்வார். நாங்களும் வருடாவருடம் கேட்போம்.

ஏழாவது இன்னிங்ஸ். 3-1 என்று பின்னால் நிற்கிறோம். பார்ஜர் நடை வாங்கினார் (நான்கு தவறான பந்துகள், அடிக்காமலே முதல் தளம்), கைனர்-ஃபலெஃபா ஒரு அடி, ஹிமெனெஸ் பந்தை மெல்லத் தட்டி இருவரையும் முன்னே நகர்த்தினார். பிறகு ஜோர்ஜ் ஸ்பிரிங்கர். பந்து மட்டையில் பட்ட சத்தத்திலேயே மகள் எழுந்துவிட்டாள். இடது பக்கம் இருக்கைகளுக்குள் போய் விழுந்தது. மாமியின் கையிலிருந்த பயற்றம் பணியாரத் தட்டு கம்பளத்தில் கொட்டியது, யாரும் குனியவில்லை. 4-3. வேர்ல்ட் சீரிஸ்! 1993க்குப் பிறகு முதல் முறையாக.

இதுவரை வேர்ல்ட் சீரிஸுக்கே போகாத ஒரே அணி சியாட்டில். அவர்களுடைய ரசிகர்களின் முகங்களைத் திரையில் காட்டியபோது எனக்கும் தொண்டை அடைத்தது.

ஒக்டோபர் 25, சனி

வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டத்தில் நேற்று லொஸ் ஏஞ்சலஸ் டொட்ஜர்ஸை 11-4 என்று நொறுக்கினோம். ஆறாவது இன்னிங்ஸில் மட்டும் ஒன்பது ஓட்டங்கள். முந்தைய இரவு சக வீரர் ஒருவரின் ஹோட்டல் அறைச் சோபாவில் படுத்துத் தூங்கிய அடிசன் பார்ஜர், மாற்று வீரராக வந்து, தளங்கள் நிறைந்திருக்க நான்கு ஓட்டங்கள் தரும் கிராண்ட் ஸ்லாம் அடித்தார். வேர்ல்ட் சீரிஸ் வரலாற்றில் மாற்று வீரர் ஒருவர் அப்படி அடித்தது இதுவே முதல் முறை. இன்று அவர்களுடைய பந்து வீச்சாளர் யமமோட்டோ ஒருவரே ஆட்டம் முழுவதும் வீசி 5-1 என்று எங்களை அடக்கிவிட்டார். அந்த மனிதரைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

ஒக்டோபர் 28, செவ்வாய், அதிகாலை

மூன்று மணி. வழக்கமான ஒன்பதுக்குப் பதில் 18 இன்னிங்ஸ், ஆறரை மணி நேரத்துக்கு மேல். அடிக்கவும் பந்து வீசவும் வல்ல டொட்ஜர்ஸ் நட்சத்திரம் ஓட்டானியை ஆட்டமிழக்கச் செய்ய வழியில்லாமல் நடக்க விட்டுக்கொண்டே இருந்தோம். கடைசியில் டொட்ஜர்ஸின் ஃப்ரெடி ஃப்ரீமன் முடித்துவைத்தார். 6-5. ஐந்து மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும். இப்போது படுத்தாலும் தூக்கம் வராது.

ஒக்டோபர் 29, புதன்

எழுந்துவிட்டார்கள்! நேற்று எங்கள் விளாடி (விளாடிமிர் கெரேரோ) ஓட்டானியின் பந்தையே வெளியே அனுப்பினார், 6-2. இன்று 22 வயது ட்ரே யெசாவேஜ் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், 6-1. இந்தப் பையன் பருவத்தைத் தொடங்கியது அடிமட்ட லீக்கில், சில நூறு பேர் பார்க்கும் மைதானங்களில். செப்டெம்பரில்தான் பெரிய அணிக்கு வந்தார். இன்று டொட்ஜர்ஸ் அரங்கை வாயடைக்க வைத்துவிட்டார். இன்னும் ஒரே ஒரு வெற்றி, அதுவும் நம் ஊரில் கிடைக்கப்போகிறது.

டிக்கெட் விலையைப் பார்த்தோம். எங்களுக்குக் கட்டுப்படியாகாது. சித்தப்பா வீடுதான்.

ஒக்டோபர் 31, வெள்ளி

ஹலோவீன். 3-1 தோல்வி. நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

ஒன்பதாவது இன்னிங்ஸ், முதல் தளத்தில் எங்கள் ஸ்ட்ரோ நிற்கிறார், யாரும் ஆட்டமிழக்கவில்லை. பார்ஜர் இடது-நடுப் பக்கச் சுவர் வரை அடிக்கிறார். பந்து சுவரின் மெத்தைக்கும் தரைக்கும் இடையில் போய்ச் சொருகிக்கொள்கிறது. களத்தடுப்பாளர் இரு கைகளையும் தூக்குகிறார். விதிப்படி இரண்டு தளங்கள் மட்டுமே. ஹோம் பிளேட்டை நோக்கி ஓடிவந்த ஸ்ட்ரோ மூன்றாம் தளத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. பிறகு கிளெமென்ட் முதல் பந்திலேயே மேலே தூக்கிக் கொடுத்தார். ஹிமெனெஸ் அடித்ததை இடது பக்கத்தில் கிகே ஹெர்னாண்டெஸ் ஓடிவந்து பிடித்து இரண்டாம் தளத்துக்கு எறிந்தார். தளத்தை விட்டு அதிகம் விலகியிருந்த பார்ஜர் அங்கே ஆட்டமிழந்தார். இரட்டை ஆட்டமிழப்போடு ஆட்டம் முடிந்தது.

பந்து ஓர் அங்குலம் மேலே பட்டிருந்தால் துள்ளித் திரும்பியிருக்கும், ஸ்ட்ரோ வந்து சேர்ந்திருப்பார். வாசலில் மிட்டாய் கேட்டு வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் புளூ ஜேஸ் சட்டையில் இருந்தார்கள்.

நவம்பர் 2, ஞாயிறு

நேற்றிரவு எழுத முடியவில்லை. ஏழாவது ஆட்டம், கடைசி ஆட்டம்.

முழங்கால் காயத்தோடு ஏழு வாரம் வெளியே இருந்த போ பிஷெட், மூன்றாவது இன்னிங்ஸில் ஓட்டானியின் பந்தை மூன்று ஓட்டங்களுக்கு அடித்தார். ஒன்பதாவதில் 4-3 முன்னிலை. இரண்டே ஆட்டமிழப்புகள் தேவை. மட்டையோடு வந்தவர் டொட்ஜர்ஸின் மிகேல் ரோஹாஸ், பலம் காட்டி அடிப்பவர் என்று யாரும் சொல்லாத 36 வயதுக்காரர். எங்கள் ஹொஃப்மனின் பந்து நடுவில் தொங்கியது. சுவருக்கு அப்பால் போய் விழுந்தது. 4-4. சித்தப்பா எழுந்து சமையலறைக்குப் போனார், தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

எங்கள் முறை. தளங்கள் நிறைந்திருக்கின்றன, ஒருவர்தான் ஆட்டமிழந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை ஆறு இன்னிங்ஸ் வீசிய யமமோட்டோ மறுநாளே மீண்டும் வீசுகிறார். வர்ஷோ தரையோடு அடிக்கிறார். அதே ரோஹாஸ் தடுமாறி எடுத்து ஹோம் பிளேட்டுக்கு எறிகிறார். அங்கே பந்தைப் பிடிக்கும் வில் ஸ்மித்தின் கால் ஒரு கணம் பிளேட்டை விட்டு எழும்பி மீண்டும் பதிகிறது. அந்தக் கணத்துக்கும் மூன்றாம் தளத்திலிருந்து ஓடிவந்த கைனர்-ஃபலெஃபாவின் காலுக்கும் இடையில் இருந்தது ஒரு செருப்பு அகலம். காணொளியைத் திரும்பப் பார்த்தும் நடுவர்கள் அவர் ஆட்டமிழந்தார் என்ற தீர்ப்பை மாற்றவில்லை. அடுத்து கிளெமென்ட் தூக்கி அடித்ததை ஆண்டி பாஹேஸ் சக வீரர் மீதே மோதிப் பிடித்தார்.

11ஆவது இன்னிங்ஸில் ஸ்மித் ஹோம் ரன். 5-4. எங்கள் கிர்க்கின் மட்டை உடைந்து பந்து டொட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸிடம் போக, இரட்டை ஆட்டமிழப்பு. முடிந்தது. கடைசிப் பந்தையும் தொட்டுத்தான் தோற்றோம். மகள் என் தோளில் முகம் புதைத்து அழுதாள். நானும் அழுதேன்.

நவம்பர் 4, செவ்வாய்

வேலையிடத்தில் எல்லோரும் கைனர்-ஃபலெஃபாவைத் திட்டுகிறார்கள். மூன்றாம் தளத்தில் ஏன் அவ்வளவு ஒட்டி நின்றார், இரண்டடி முன்னே நின்றிருந்தால் கிண்ணம் இங்கே இருந்திருக்கும் என்கிறார்கள். நான் சண்டை போட்டேன். முந்தைய இரவு பார்ஜர் விலகி நின்றதால்தானே ஆட்டம் முடிந்தது? நேராகப் பறந்து வரும் ஒரு அடி கைக்குள் விழுந்தால் மறுபடியும் அதே கதி. அந்த பயத்தோடு நின்றவரை எப்படிக் குறை சொல்வது? விலகி நின்றதற்கு ஒருவரைத் திட்டிவிட்டு, ஒட்டி நின்றதற்கு அடுத்தவரைத் திட்டுவது நியாயமே இல்லை.

எனக்கு இப்போது வேறு கவலை. விளாடிக்கு 14 வருட ஒப்பந்தம் இருக்கிறது, அவர் எங்கும் போகமாட்டார். பிஷெட்டின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி ஓடி எங்களுக்காக அந்தப் பந்தை அடித்தவர் அவர். எவ்வளவு கேட்டாலும் கொடுத்து வைத்துக்கொள்ளட்டும். அடுத்த வருடம் டிக்கெட் விலையை ஏற்றினாலும் பரவாயில்லை என்று சித்தப்பாவே சொல்லிவிட்டார்.