கவ்தோஸ் தீவின் தென்முனைக்கு ஒரு ஜனவரி நடை: இரண்டாம் முயற்சி

கிரேக்க நாட்டின் கிரீட் தீவுக்குத் தெற்கே, லிபியக் கடலில் தனித்துக் கிடக்கும் கவ்தோஸின் பரப்பு ஏறத்தாழ 30 சதுர கிலோமீட்டர். அதன் தெற்கு நுனியான திரிபிதி முனைதான் ஐரோப்பாவின் தென்கோடி என்று சொல்லப்படுகிறது. காஸ்த்ரி என்னும் சிற்றூரில் தங்கி, அங்கிருந்து அந்த முனைவரை நடந்து, இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பதே நான் வகுத்துக்கொண்ட இலக்கு. கோடையில் இது பெரிய காரியமல்ல. குளிர்காலத்திலோ பகல் 10 மணி நேரமே இருக்கிறது. ஜனவரி நடுவில் ஏழரை மணிக்கு விடிந்து ஐந்தரை மணிக்குச் சூரியன் மறைந்துவிடுகிறது.

சென்ற குளிர்காலத்தில் செய்த முதல் முயற்சி பாதியிலேயே நின்றுபோனது. காலை பத்து மணிக்குப் புறப்பட்டதும், போவதற்கு ஆகும் நேரமே திரும்புவதற்கும் ஆகும் என்று கணக்கிட்டதும் நான் செய்த தவறுகள். தீவின் தெற்கு ஊரான வத்சியானா மேட்டில் இருக்கிறது, திரிபிதியோ கடல்மட்டத்தில் இருக்கிறது. ஆகவே போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். அன்று வடக்கிலிருந்து பலமாக வீசிய காற்றும் போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளி, திரும்பும்போது முகத்தில் அறையும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. முனையைக் காணாமலே திரும்பியும், ஊருக்குள் நுழைவதற்குள் நன்றாக இருட்டிவிட்டது.

இம்முறை 7.50க்கே நடக்கத் தொடங்கினேன். எங்கே இருந்தாலும் நண்பகல் பன்னிரண்டு மணிக்குத் திரும்பிவிடுவது என்று முன்கூட்டியே உறுதி செய்துகொண்டேன். தீவில் ஓடும் நீரை நம்ப முடியாது என்பதால் இரண்டரை லிட்டர் தண்ணீர், ரொட்டி, பாலாடைக்கட்டி, மாற்றுக் காலுறை ஒரு ஜோடி, தலைவிளக்கு ஆகியவற்றை எடுத்துக்கொண்டேன். மேட்டிலிருந்து வடக்கே திரும்பிப் பார்த்தபோது, கடலுக்கு அப்பால் கிரீட்டின் வெள்ளை மலைகள் பனிமூடி நீண்டு நின்றன. சில சிகரங்கள் 2,400 மீட்டருக்கும் மேல் உயர்ந்தவை. காலடியில் பசும்புல், நடுவில் நீலக் கடல், அதற்கு மேலே பனி என்ற இந்தக் காட்சி கோடையில் வருபவர்களுக்குக் கிடைக்காது.

வத்சியானாவுக்கு ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். ஊரைத் தாண்டியதும் கைவிடப்பட்ட கல்வீடுகளும், இடிந்த படிக்கட்டு வயல்களும், கற்கள் பாவிய வட்டமான கதிரடிக்கும் களம் ஒன்றும் கண்ணில் பட்டன. களத்தைச் சுற்றி மஞ்சள் பூ ஒன்று கம்பளம்போலப் படர்ந்திருந்தது, ஆனால் பூக்கள் அனைத்தும் இன்னும் மூடியே இருந்தன. குனிந்து பார்த்தபோது நம் ஊர்ப் புளியாரையின் அதே மூவிலை அமைப்பு தெரிந்தது. இலை ஒன்றைக் கிள்ளி நுனிநாக்கில் வைத்தேன், அதே புளிப்பு. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து மத்தியதரைக் கடலோரம் முழுவதும் பரவிவிட்ட புளியாரை இனம் அது.

அதன் பின்னர்ப் பாதை பைன் மரங்களுக்கிடையே ஒற்றையடித் தடமாக இறங்குகிறது. முந்தைய இரவு பெய்த மழையால் செம்மண் ஈரமாகிக் காலணியின் அடியில் அப்பிக்கொண்டது, பள்ளங்கள் அதில் நிரம்பியபின் பிடிப்பே இல்லை. இருபது முப்பது அடிக்கு ஒருமுறை கல்லில் தேய்த்துத் தேய்த்துத்தான் நடக்க முடிந்தது. ஆழமான பள்ளங்கொண்ட அடிப்பாகம் வேண்டுமென்று தேடி வாங்கிய காலணி இந்த மண்ணுக்கு உகந்ததல்ல. பள்ளங்கள் இடைவெளிவிட்டு அமைந்திருந்தால் மண் தானே உதிரும் என்று தோன்றுகிறது, அடுத்த முறை அதைச் சோதிக்க வேண்டும்.

ஓடையின் பள்ளத்துக்குள் இறங்கியதும் காற்று சட்டென்று நின்றது. புனித பவுல் ரோமாபுரிக்குப் போன கப்பல் கடுங்காற்றில் சிக்கி, ஒரு சின்னத் தீவின் ஒதுக்கிலே ஓடிய செய்தி அப்போஸ்தலருடைய நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில் வருகிறது. தமிழ் விவிலியம் கிலவுதா என்று குறிப்பிடும் அந்தத் தீவு இந்தக் கவ்தோஸ்தான். குளிர்காலம் நெருங்கிவிட்ட வேளையில், வடகிழக்குக் காற்றுக்கு ஒதுங்கி, பின்னால் இழுபட்டு வந்த படகை மேலே ஏற்றுவதற்கு அவர்களுக்கு இந்த ஒதுக்கு உதவியிருக்கிறது. ஒதுக்கு என்ற சொல்லின் முழுப் பொருளும் எனக்கு அந்தப் பள்ளத்தில் நிற்கும்போதுதான் உடம்பில் உறைத்தது.

10.40க்குத் திரிபிதி. கூழாங்கல் கரையின் முடிவில், கடலுக்குள் நீண்ட பாறையில் அலைகள் குடைந்த மூன்று வளைவுகள். துளையிடப்பட்டது என்பதே திரிபிதி என்னும் பெயரின் பொருள். பாறை உச்சியில் யாரோ நிறுவிய பெரிய நாற்காலி ஒன்று தெற்கு நோக்கியிருக்கிறது, அதற்கப்பால் லிபியாவரை கடல்தான். மனித அரவமே இல்லாத அந்த இடத்தில், வளைவுகளுக்குள் அலை புகுந்து வெளிவரும் ஒலியைக் கேட்டபடி ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தேன். காலுறையை மாற்றிக்கொண்டேன். இன்னும் சற்று இருக்கலாம் என்று மனம் கெஞ்சியது உண்மைதான், ஆனால் பன்னிரண்டு அடித்ததும் எழுந்துவிட்டேன்.

திரும்பும் வழியில் பள்ளத்தைவிட்டு மேலேறியதும் காற்று முகத்தில் மோதியது. வரும்போது வத்சியானாவிலிருந்து 1 மணி 50 நிமிடம் ஆன தூரத்துக்கு இப்போது இரண்டரை மணி நேரம் ஆனது. களத்தருகே வந்தபோது காலையில் மூடிக் கிடந்த மஞ்சள் பூக்கள் அத்தனையும் வெயிலில் விரிந்திருந்தன. காஸ்த்ரியை 3.45க்கு அடைந்தேன். வெளிச்சம் இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் மிச்சமிருந்தது. குடித்த தண்ணீர் ஒன்றரை லிட்டர்தான், எனினும் சுமையைக் குறைக்க எண்ணவில்லை.

மறுநாள் காற்று தெற்கே திரும்பி, கப்பல் வரவில்லை. கிடைத்த பகலில் ஆம்பெலோஸ் மேட்டிலுள்ள கலங்கரை விளக்கம்வரை நடந்தேன். 1880இல் எழுப்பப்பட்டு, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் குண்டுவீச்சில் சிதைந்து, பின்னர் மீட்டெடுக்கப்பட்ட கட்டடம் அது. அடுத்த முறை வடக்குக் கரையில், ஜூனிபர் மரங்கள் மணல்மேட்டில் வேரூன்றி நிற்கும் லவ்ராகாஸுக்குப் போகவிருக்கிறேன். அந்த வழியில் வடக்குக் காற்று போகும்போதே எதிர்ப்படும் என்பதால், திரும்பும் நேரத்தைப் பன்னிரண்டிலிருந்து ஒரு மணிக்குத் தள்ளிக் குறித்து வைத்திருக்கிறேன்.